கனவில் நான் விழுங்கிய வரி

என் இடது கால் போன விதத்தைப் பற்றி நாங்கள் குடியிருக்கும் சுண்ணாம்புக் கம்பம் வட்டாரத்தில் மூன்று கதைகள் நடமாடுகின்றன. செத்துப்போன அப்பன் கனவில் வந்து தடுத்தும் கேளாமல் வெள்ளைக்கார டாக்டரிடம் காலைக் கொடுத்துவிட்டான் என்பது ஒன்று. அப்பன் கனவில் வந்து கொடுத்துவிடச் சொன்னதால்தான் உயிர் பிழைத்தான் என்பது இன்னொன்று. மூன்றாவது கதையில் நான் குடித்துவிட்டு டிராம் வண்டிக்கு அடியில் விழுந்தேனாம். மூன்றையும் கேட்டுச் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். போன வாரம் ஒருவர் தம் மகளைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார். "ஒங்களுக்குக் கனவுக்கு அர்த்தம் தெரியுமாமே. இந்தப் புள்ளைக்கு அதோட ஆத்தா கனவுல வந்திருக்கா. என்னன்னு சொல்லுங்க" என்று சம்மணம் போட்டு உட்கார்ந்தார். அதற்குப் பிறகு சிரிப்பு வரவில்லை. நான் அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோக்கிறவன். தப்பாக அச்சாகிவிட்டால் திருத்தம் போடுவது எங்கள் வழக்கம். இதையும் அப்படி ஒரு திருத்தமாக வைத்துக்கொள்ளுங்கள்.

பெயர் சபாபதி, வயது நாற்பத்திரண்டு. ஜாலான் புசார் சாலைப் பக்கம் ஒரு தமிழ் அச்சுக்கூடத்தில் பதினெட்டு வருடமாக வேலை. கல்யாணப் பத்திரிகை, கப்பல் நோட்டீசு, கோவில் திருவிழா அழைப்பு எல்லாம் அடிப்போம். எழுத்துகளைக் கோத்து இரும்புச் சட்டத்துக்குள் இறுக்கி வைப்பதை நாங்கள் பாரம் என்போம். பேருக்கு ஏற்ற கனம்தான். ஒருநாள் அதைத் தூக்கி வைக்கும்போது கை வழுக்கி, சட்டத்தின் மூலை என் இடது கட்டை விரலில் இறங்கியது. நகம் பெயர்ந்தது. ஒரு பக்கத்து எழுத்தெல்லாம் சிதறிப்போச்சே என்றுதான் முதலில் பதறினேன். விரலைப் பிறகுதான் பார்த்தேன்.

என் மனைவி அஞ்சலை மஞ்சளும் வேப்பெண்ணெயும் வைத்துக் கட்டினாள். பத்து நாளில் ஆற வேண்டிய புண் ஒரு மாதமாகியும் வாய் மூடவில்லை. ஆனால் வலி இல்லை. வலிக்கவில்லையே என்று சந்தோஷப்பட்டேன். வலி தெரியாததுதான் கெட்ட அறிகுறி என்று பிற்பாடு சொன்னார்கள். அந்த நாட்களில் அஞ்சலை வேறொன்றையும் கவனித்திருக்கிறாள்.

"என்னங்க, கொல்லையில நீங்க ஒண்ணுக்குப் போற எடத்துல எறும்பு மொய்க்குது."

"நான் சர்க்கரைக் கட்டின்னு எறும்புக்குக்கூடத் தெரியுது. ஒனக்குத்தான் தெரியல" என்று கேலி செய்தேன்.

அவள் சிரிக்கவில்லை. "நான் வெளையாட்டுக்குச் சொல்லலீங்க" என்றாள். இரண்டு நாள் கழித்து விரல் நுனி கறுத்தது. மறுநாள் நாற்றம் வந்தது. என்னைக் கேட்காமலே அவள் ரிக்‌ஷாவைக் கூப்பிட்டு நிறுத்திவிட்டாள்.

ஆஸ்பத்திரியில் காத்திருக்கும் பலகை மிக நீளமானது. அதன் ஒரு கோடியில் உட்கார்ந்து, முன்னால் இருப்பவர் எழுந்து உள்ளே போகப்போக, நாம் நகர்ந்து நகர்ந்து மறு கோடிக்குப் போகவேண்டும். எனக்கு இரண்டரை மணி நேரம் பிடித்தது. சீனர், மலாய்க்காரர், நம்மவர் எல்லாரும் ஒரே பலகை. உள்ளே போனதும் வெள்ளைக்கார டாக்டர் துரை என் காலைப் பார்ப்பதற்கு முன் கைகளைப் பார்த்துவிட்டார். பார்த்தவர் முகம் மாறி, என் விரல் நுனிகளை ஒவ்வொன்றாக அமுக்கினார். புண் கட்டும் டிரெஸ்ஸர் ஞானமுத்து பக்கத்தில் நின்றார். அவர் நம்மவர். அவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "துரை, இது அழுகல் இல்ல. அச்சு மை" என்று இங்கிலீஷில் விளக்கினார். பதினெட்டு வருட மை போகாது. அதன் பிறகு துரை காலுக்கு வந்தார். அங்கே அவர் முகம் மாறவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

என் சிறுநீரை ஒரு கண்ணாடிக் குழாயில் எடுத்து, நீல மருந்து கலந்து சுடவைத்தார்கள். நீலம் போய்ச் செங்கல் நிறம் வந்தது. செங்கல் நிறம் வந்தால் சர்க்கரை இருக்கிறது என்று அர்த்தமாம். அஞ்சலையின் எறும்புகள் இதை மூன்று நாள் முன்னாலேயே கண்டுபிடித்துவிட்டன.

"நீரிழிவு அண்ணே" என்றார் ஞானமுத்து. "ஒங்க ஒடம்புல சர்க்கரை கூடிப்போச்சு. அதனால புண்ணு ஆறாது. போதாக்கொறைக்கு காலுக்கு வர்ற ரத்தக் கொழாய் அடைச்சுக்கிட்டு வருது. ரத்தம் வராத சதை செத்துரும். செத்த சதை சும்மா கெடக்காது, பக்கத்துல உள்ளதையும் சாகடிச்சுக்கிட்டே மேல ஏறும்."

"மருந்து?"

"சர்க்கரைக்கு மருந்து இன்னும் யாருக்கும் தெரியாது. சாப்பாட்டைக் கொறைக்கிறதுதான். சோறு கெடையாது."

சோறு கிடையாது என்று கேட்ட பிறகுதான் எனக்கு வியாதி வந்திருப்பதை முழுசாக நம்பினேன்.

வார்டில் இருபது கட்டில்கள். தரையைக் கழுவும் கார்பாலிக் வாடை முதல் இரண்டு நாள் தலையைச் சுற்றவைத்தது. மூன்றாம் நாளிலிருந்து வீட்டுக்காரர்கள் வந்தால் அவர்கள்மேல் வீசும் வெளியுலக வாடைதான் புதிதாகத் தெரிந்தது. எனக்குக் காலையில் முட்டை, மத்தியானம் கீரையும் இறைச்சிச் சாறும், சாயங்காலம் மறுபடி முட்டை. அஞ்சலை தினமும் தூக்குச் சட்டியில் பாகற்காய் வதக்கிக் கொண்டுவருவாள். அவள் போகும் வரை தின்றுகொண்டிருப்பேன். கசப்புக்குப் பழகிவிட்டேன் என்று பொய் சொல்லமாட்டேன். அவள் அவ்வளவு தூரம் நடந்து வந்தாளே என்பதற்காகத் தின்றேன்.

பக்கத்துக் கட்டில் மரைக்காயருடையது. கடற்கரைச் சீமையிலிருந்து சின்ன வயதிலேயே இங்கே வந்து, துணிக்கடை வைத்து, பேரன் எடுத்தவர். வயிற்றில் நீர் கோத்துக்கொண்டு பானை மாதிரி வீங்கியிருந்தது. வாரத்துக்கு ஒரு தரம் ஊசிக் குழாயைக் குத்தி வாளியில் நீரை வடிப்பார்கள். வடித்து முடித்ததும், "தம்பி, ஒரு கடையையே காலி பண்ணியாச்சு" என்பார். தமாஷான மனுஷர்.

பத்தாம் நாள் துரை என் கட்டிலருகே வந்து நின்று நெடுநேரம் பேசினார். ஞானமுத்து தமிழில் சொன்னார். கறுப்பு பாதத்துக்கு வந்துவிட்டது. இனிக் காத்திருந்தால் விஷம் உடம்பெங்கும் ஏறிவிடும். கணுக்காலுக்கு நாலு விரற்கடை மேலே எடுத்துவிட வேண்டும். முழங்கால் இருக்கும். முழங்கால் இருந்தால் கட்டைக்கால் மாட்டிக்கொண்டு நடக்கலாம், நிற்கலாம், மாடிப்படிகூட ஏறலாம். அறுவை அறையில் சூரிய வெளிச்சம் நன்றாக விழுவது காலைப் பொழுதில்தான். ஆகவே நாளைக் காலை.

எழுத்துக் கோக்கிறவன் காலை முதல் மாலை வரை நின்றே வேலை செய்கிறவன். எழுத்துப் பெட்டிகள் இடுப்பு உயரத்துக்கு இருக்கும். உட்கார்ந்தால் கை எட்டாது. கை போனாலும் கால் போனாலும் எங்களுக்கு ஒன்றுதான். கட்டைக்காலில் நாள் முழுக்க நிற்க முடியுமா என்று அன்றெல்லாம் அதே நினைப்புதான். அஞ்சலையிடம் சொன்னபோது அவள் புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டாள்.

விடியப்போகும் நேரத்தில் கனவு வந்தது. அதை முழுசாக இங்கே எழுதுகிறேன். முழுசாக எழுதுவதற்காகத்தான் இந்தத் திருத்தமே.

அப்பா வந்தார். அப்பா மாட்டுவண்டி ஓட்டினவர். இங்கே சூளையிலிருந்து சுண்ணாம்பு ஏற்றிக்கொண்டு, வீடு கட்டும் இடங்களுக்கெல்லாம் போவார். செத்து ஆறு வருடம் ஆகிறது. கனவில் அவர் தலைப்பாகை கட்டி, வண்டியில் மாடுகளைப் பூட்டிக்கொண்டிருந்தார். வண்டிக்கு அடியில் விளக்குத் தொங்கியது. பூட்டாங்கயிற்றை இழுத்து முடிந்துவிட்டு, கிழக்கே வானத்தைப் பார்த்தார். "கால விடாதடா" என்றார். என் காலை அவர் பார்க்கவே இல்லை. வண்டியில் ஏறிக்கொண்டார். விழித்துவிட்டேன்.

காலை என்றால் விடியற்பொழுது. கால் என்ற உறுப்போடு ஐ சேர்ந்தாலும் காலைதான். வாயால் சொல்லும்போது இரண்டும் ஒன்றாகவே விழும். இலக்கணப்படி பார்த்தால் பொழுதைச் சொல்ல 'காலையை விடாதே' என்று வரவேண்டும். ஆனால் அப்பாவுக்கும் இலக்கணத்துக்கும் வெகு தூரம். அவர் எந்த வார்த்தைக்கும் வாலை விட்டுவைக்கமாட்டார். வெயில் ஏறுமுன் சூளைக்குப் போனவனுக்குத்தான் நல்ல சரக்கு, முதல் நடை. அதனால் உயிரோடு இருந்தவரை தினமும் விடியலில் எங்களை எழுப்பும்போது, "கால விடாத, கால விட்டா நாளே போச்சு" என்பார். என் காது அந்தக் குரலை ஆயிரம் தடவை கேட்டிருக்கிறது. கண் விழித்த அந்த நொடியிலேயே எனக்கு அர்த்தம் தெரிந்துவிட்டது. இன்று காலை அறுவை. அதை விட்டுவிடாதே என்கிறார்.

தெரிந்தும் நான் என்ன செய்தேன் என்பதுதான் விஷயம்.

அறுவை நாள் என்பதால் வீட்டாரை விடியலிலேயே உள்ளே விட்டார்கள். அஞ்சலையும் அவள் அண்ணன் குப்புசாமியும் வந்தார்கள். மச்சான் எருமைப்பட்டி வைத்திருப்பவர். பால் ஊற்றும் வீடுகளிலெல்லாம் கனவுக்குப் பலன் சொல்வார். பாலில் தண்ணீர் கலந்தாலும் பலனில் கலக்கமாட்டார் என்று அவருக்கு ஒரு பேர் உண்டு.

"மச்சான், விடியக்காலம் அப்பா கனவுல வந்தாரு" என்றேன்.

"வாயத் தொறந்தாரா?"

"கால விடாதடான்னாரு."

அவ்வளவுதான் சொன்னேன். மாடு பூட்டினதைச் சொல்லவில்லை. விளக்கைச் சொல்லவில்லை. அவர் கிழக்கே பார்த்ததைச் சொல்லவில்லை. எழுத்துக் கோக்கும்போது சில சமயம் கண் தவறி ஒரு வரியை விட்டுவிடுவோம். அதை வரியை விழுங்குவது என்போம். அது கைப்பிழை. நான் செய்தது கைப்பிழை இல்லை. ஒவ்வொரு வரியாகத் தெரிந்தேதான் விழுங்கினேன். மச்சான் வாயிலிருந்து ஒரு தீர்ப்பு வரவேண்டும், அந்தத் தீர்ப்பு எனக்குச் சாதகமாக வரவேண்டும். இலக்கணமும் என் பக்கம் இருந்தது.

மச்சானுக்கு மயிர் கூச்செறிந்துவிட்டது. "மாப்ளே! செத்தவங்க சும்மா வந்து நின்னா பசின்னு அர்த்தம். எதையாச்சும் கேட்டா கொறைன்னு அர்த்தம். வா வான்னு கூப்பிட்டாத்தான் பயம். வாயத் தொறந்து ஒண்ணு சொன்னா அது வாக்கு. அதுவும் விடியக்காலக் கனவு, பத்து நாளுக்குள்ள பலிக்கும். பெத்தவரே வந்து கால விடாதன்னு சொல்லிப்புட்டாரு. இனி அந்தக் கால எவன் தொடுவான்?"

அஞ்சலை அப்பாவோடு ஒன்பது வருடம் ஒரே வீட்டில் இருந்தவள். கடைசி மூன்று வருடம் அவருக்குக் கஞ்சி ஊட்டினவள். கண்டுபிடித்துவிடுவாளோ என்று அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் தூக்குச் சட்டியின் மூடியைத் தலைப்பால் துடைத்துக்கொண்டிருந்தாள். தப்பித்தேன் என்று நினைத்தேன்.

துரை வந்தார். மாட்டேன் என்றேன். ஞானமுத்து அதை இங்கிலீஷில் சொல்வதற்குள் மூன்று தடவை என்னைத் திரும்பிப் பார்த்தார். துரை கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "சம்மதமில்லாமல் கத்தி எடுப்பதில்லை" என்று சொல்லிப் போய்விட்டார். எனக்கு அன்று அப்படி ஒரு நிம்மதி. மத்தியானம் பாகற்காய்கூட இனித்தது.

அன்று சாயங்காலம் ஞானமுத்து புண்ணைக் கட்டும்போது, அழியாத பென்சிலால் கறுப்பு நிற்கும் எல்லையில் என் காலைச் சுற்றி ஒரு கோடு போட்டார். "நாளைக்குப் பாப்போம் அண்ணே. கோட்டுக்கு உள்ள நின்னா சந்தோஷம்."

மறுநாள் கறுப்பு கோட்டைத் தாண்டி இரண்டு விரற்கடை ஏறியிருந்தது. இரண்டாம் கோடு போட்டார். மச்சான் அதற்கும் மேலே ஒரு கறுப்புக் கயிற்றைக் கட்டினார். அப்பாவுக்குப் படையல் போட்டு, எள்ளுருண்டையும் சுட்ட கருவாடும் வைத்து, காக்கைக்குச் சோறு வைத்த கதையெல்லாம் வந்து சொன்னார். "காக்கா மொதத் தடவையே எடுத்துருச்சு மாப்ளே! நம்பி இருங்க." மூன்றாம் நாள் கணுக்கால் கறுத்தது. காய்ச்சல் வந்தது. கட்டிலுக்குத் தலைமாட்டில் தொங்கிய தாளில் சிவப்புப் பென்சில் கோடு மலை ஏறிக்கொண்டே போயிற்று. நாலாம் நாள் மச்சானின் கயிறு வீக்கத்துக்குள் புதைந்து கண்ணுக்குத் தெரியாமல் போனது. ஞானமுத்துதான் அதைக் கத்திரித்து எடுத்தார்.

பயம் என்பது என்ன என்று அந்த நாலு நாளில் தெரிந்துகொண்டேன். சாவு வரும் என்ற பயம் பழகிவிடும். உள்ளதைச் சொல்லாமல் வைத்திருக்கிறோம், அது நம்மைக் கொல்கிறது, சொன்னால் இத்தனை நாள் சொல்லாதது தெரிந்துவிடும் என்ற பயம் இருக்கிறதே, அது ஒவ்வொரு நாளும் கனத்தது. முதல் நாள் சொல்லியிருந்தால் சிரித்துச் சமாளித்திருக்கலாம். நாலாம் நாள் எப்படிச் சொல்வது?

அன்று மத்தியானம் மரைக்காயருக்கு வயிறு வடித்திருந்தார்கள். லேசாகிவிட்ட மனுஷர் ஒருக்களித்துப் படுத்து என்னையே பார்த்தார்.

"தம்பி, ஒரு விஷயம் கேக்கலாமா? தப்பா எடுத்துக்காதீங்க லா."

"கேளுங்க மரைக்காயரே."

"எங்க மார்க்கத்துலயும் கனவு உண்டு. மௌத்தாகி அந்தப் பக்கம் போனவங்க இருக்கிறது உண்மையான எடம், அங்க இருந்து வந்து சொன்னா பொய் இருக்காதும்பாங்க எங்க பெரியவங்க. ஆனா இன்னொண்ணும் சொல்லுவாங்க. காணாததைக் கண்டேன்னு கனவுல கூட்டிச் சொல்றவன் பெரிய பாவம் பண்ணினவன். கொறைச்சுச் சொல்றதைப் பத்தி என்ன சொல்லியிருக்காங்கன்னு எனக்குத் தெரியாது."

நான் கூரையைப் பார்த்தேன்.

"ஒங்க வாப்பா எங்க நின்னாரு? என்ன பண்ணிக்கிட்டு இருந்தாரு? ஒங்க மச்சான் இதெல்லாம் கேப்பாருன்னு அன்னைக்குக் காத்திருந்தேன். கேக்கவே இல்ல. ஒரு வார்த்தையை மட்டும் வச்சு அர்த்தம் பண்ணலாமா? அச்சுல ஒங்களுக்கு ஒரு வார்த்தை புரியலேன்னா என்ன பண்ணுவீங்க?"

"முன்னாடி வரியும் பின்னாடி வரியும் படிச்சுப் பாப்போம்" என்றேன். நாற்பத்திரண்டு வயதில் நான் தேம்பி அழுதேன். அவர் தம் கட்டிலிலிருந்து கையை நீட்டி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

அஞ்சலை வந்தபோது அப்படியே இருந்தோம். தூக்குச் சட்டியைக் கீழே வைத்தாள். அவளிடம் முழுக் கனவையும் சொன்னேன். மாடு, விளக்கு, பூட்டாங்கயிறு, கிழக்கே பார்த்தது, என் காலைப் பார்க்காதது. எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, அவள் என்னைத் திட்டுவாள், அழுவாள் என்று காத்திருந்தேன்.

"டிரெஸ்ஸரைக் கூப்பிடட்டா?" என்றாள். அவ்வளவுதான். எழுந்து போய் ஞானமுத்துவை அழைத்துவந்துவிட்டாள்.

துரை கட்டைப் பிரித்துப் பார்த்தார். விரலால் அமுக்கி அமுக்கி மேலே போனார். முழங்காலைத் தாண்டித்தான் அவர் விரல் நின்றது. ஞானமுத்து தமிழில் சொன்னார். "முழங்காலுக்கு மேல எடுக்கணும் அண்ணே. அதுக்குக் கீழ ரத்தம் இல்ல." நாலு நாளுக்கு நான் கொடுத்த விலை ஒரு முழங்கால். முழங்கால் இல்லாதவனுக்குக் கட்டைக்கால் மாட்டினாலும் அது மடங்காது. உட்கார, எழ, படி ஏற எல்லாவற்றுக்கும் ஓர் ஆள் வேண்டும்.

மறுநாள் காலை கொண்டுபோனார்கள். ஞானமுத்து சொன்னது சரிதான், அந்த அறையில் வெளிச்சம் அப்படி இருந்தது. மூக்கின்மேல் துணி போர்த்திய கம்பிக் கூட்டை வைத்து, குளோரோபாரம் சொட்டுச் சொட்டாக விட்டார்கள். தித்திப்பான வாடை. ஒன்று இரண்டு எண்ணச் சொன்னார்கள். எனக்கு எண் வரவில்லை, அ ஆ இ ஈ என்று சொன்னேன். எ வரை போனதாக ஞாபகம்.

விழித்தபோது குமட்டலும், போர்வையின் பாதி தட்டையாகக் கிடந்ததும்தான் முதலில் தெரிந்தன. அஞ்சலை ஈரத் துணியால் என் உதட்டை நனைத்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் குடிக்கக் கூடாதாம். மூன்று நாளில் காய்ச்சல் இறங்கியது. தலைமாட்டுத் தாளில் சிவப்புக் கோடு தரைக்கு வந்தது. ஒரு மாதத்தில் தையல் ஆறியது. சர்க்கரை இருந்தும் ஆறியதை துரை மற்ற டாக்டர்களுக்குக் கூட்டிவந்து காட்டினார். பாகற்காய் என்று ஞானமுத்துவிடம் சொல்லச் சொன்னேன். அவர் சொன்னாரோ இல்லையோ தெரியாது.

மச்சான் விஷயம் கேள்விப்பட்டு வந்தார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டார். "அப்பா மாடு பூட்டினாருன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் என்ன மாப்ளே சொல்லியிருப்பேன்? பாதியச் சொல்லிட்டு என்கிட்ட பலன் கேட்டா நான் எங்க போவேன்?" அவர் கேட்டது நியாயம். நான் அவர் காலில் விழுந்திருக்க வேண்டும், விழ முடியாத நிலை. கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் இன்னும் பலன் சொல்கிறார். ஆனால் முதலில், "எதையும் மறைக்கலியே? அம்மா மேல சத்தியம் பண்ணு" என்று கேட்டுவிட்டுத்தான் தொடங்குகிறாராம்.

மரைக்காயர் எனக்கு முன்பே வீட்டுக்குப் போய்விட்டார். போகும்போது வார்டு முழுவதற்கும் கையசைத்தார்.

அச்சுக்கூடத்தில் எனக்கு இப்போது எழுத்துக் கோக்கும் வேலை இல்லை. புரூப் பார்க்கிறேன், அதற்கு உட்கார்ந்தால் போதும். இதைச் சொல்லிவிட்டு முடித்துவிடலாம் என்றுதான் இருந்தேன். மகளோடு வந்தவரிடம்கூட இவ்வளவுதான் சொன்னேன்: "ஆத்தா என்ன சொன்னாங்கறதை விட்டுருங்க. அவங்க எங்க நின்னாங்க, என்ன பாத்தாங்கன்னு கேளுங்க. புள்ள சொல்ல விரும்பாதது எதுன்னு பாருங்க." அந்தப் பெண் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டாள். அப்பனும் மகளும் எழுந்து போனார்கள்.

அவர்கள் போனபின் அஞ்சலை என் தொடைக்கு எண்ணெய் தடவ உட்கார்ந்தாள். தடவிக்கொண்டே, தலையைத் தூக்காமல் சொன்னாள்.

"எனக்கு அன்னைக்கே தெரியும்."

"என்ன தெரியும்?"

"கால விடாதன்னா என்னன்னு. ஒங்களை எழுப்பினதைவிட என்னைத்தான் அதைச் சொல்லி மாமா அதிகம் எழுப்பியிருக்காரு. நீங்க சொன்ன ஒடனே அவரு கொரலே காதுல கேட்டுச்சு."

"அப்புறம் ஏன்டி சொல்லல?"

"அண்ணன் அப்படிச் சொன்னதும் ஒங்க மொகம் மலர்ந்துருச்சு. பத்து நாளா பாக்காத மொகம். அது ஒரு நாளாவது இருக்கட்டும்னு நெனச்சேன். மறுநாள் சொல்லணும்னுதான் நடந்து வந்தேன். வந்தா கோட்டைத் தாண்டிப் போச்சு. இப்பச் சொன்னா, ஏன் நேத்தே சொல்லலைன்னு கேப்பீங்களே. கால் போனா வேலை போயிரும், வீட்டோட இருந்து என்மேல எரிஞ்சு விழுவீங்கன்னும் பயம். எல்லாம்தான்."

நாலு நாள் ஒரு கட்டிலின் இரண்டு பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, இருவரும் ஒரே வரியை விழுங்கியிருக்கிறோம். கோபம் வந்தது. யார்மேல் அதைக் காட்டுவது என்று தெரியவில்லை. அவளுடைய நாலு நாளும் என்னுடைய நாலு நாளும் வேறு வேறு அல்லவே.

"இப்ப எரிஞ்சு விழறேனா?" என்று கேட்டேன்.

"கொஞ்சம்" என்றாள்.

அப்போது எனக்கு அரித்தது. டாக்டர்களுக்கு இது தெரியுமாம், ஞானமுத்து சொல்லியிருக்கிறார். போன கால் சில பேருக்கு வருடக்கணக்கில் அரிக்கும், வலிக்கும், விரலை அசைப்பது போலக்கூட இருக்கும். இல்லாததைச் சொறிய முடியாமல் நான் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பேன். இதுவரை அவளிடம் சொன்னதில்லை.

"என்ன?" என்றாள்.

மறைக்க வாய் எடுத்தேன். பிறகு சொல்லிவிட்டேன். "கால் அரிக்குது."

"எங்க?"

"கட்டை விரல் பக்கம்."

அவள் சிரிக்கவில்லை. கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்து, கால் இருந்தால் எதுவரை நீண்டிருக்கும் என்று கண்ணால் அளந்தாள். வெறும் பாயில் ஓர் இடத்தில் நகத்தை வைத்து மெல்லச் சொறிந்தாள்.

"இங்கயா?"

"இன்னும் கொஞ்சம் கீழ" என்றேன்.